ஜேபஸ் புல்லனின் இழவுமாடு

மார்ல்கூமில் பெரிய வீடுகள் இரண்டு. மேட்டில் இருப்பது கோர்ட். அது லட்கிரேவ் குடும்பத்துடையது. ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருப்பது ஆபி. அது ஏவரில் குடும்பத்துடையது. பேரைக் கேட்டால் அங்கே துறவிகள் மடம் இருந்தது போலத் தோன்றும். இருந்ததில்லை. தொலைவிலிருந்த ஒரு மடம் தன் தானியத்தைப் போட்டு வைத்த களஞ்சியம்தான் இருந்தது. ராஜா மடங்களைப் பிடுங்கி விற்ற காலத்தில் ஏவரில் ஒருவர் அதை வாங்கி, நான்கு சன்னல் வைத்து, உள்ளே குடியேறி, தனக்கு மூதாதையர் இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தார்.

லட்கிரேவ்கள் அவர்களைவிடப் பழையவர்கள். இதை லட்கிரேவ்களே சொல்லியிருக்கிறார்கள். சர்ச்சுக்குள் கவசத்தோடு மல்லாந்து படுத்திருக்கும் கல் லட்கிரேவுக்கு மூக்கு இல்லை. ஏவரில்கள் உடைத்தார்கள் என்பது ஒரு கட்சி. செதுக்கும்போதே கல் பற்றாமல் போயிற்று என்பது இன்னொரு கட்சி.

ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை மூண்டபோது லட்கிரேவ் ராஜா பக்கம் நின்றார், ஏவரில் பார்லிமெண்டு பக்கம் நின்றார். ராஜா தோற்கப் போகிறார் என்று ஒரு வாரம் வதந்தி வந்தது. லட்கிரேவ் பார்லிமெண்டு பக்கம் தாவினார். ராஜா ஜெயிக்கப் போகிறார் என்று அதே வாரம் வேறொரு வதந்தி ஆபிக்குப் போயிருந்தது. ஏவரில் ராஜா பக்கம் தாவினார். பகை எந்தச் சேதமும் இல்லாமல் பிழைத்தது.

நான் சொல்லப்போவது 1911 அக்டோபரில் நடந்தது. அப்போது கோர்ட்டில் சர் லயனல் லட்கிரேவ் இருந்தார். ஆபியில் மிஸ் ஹானரியா ஏவரில் இருந்தார். எழுபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகாதவர், குடும்பத்தில் மிஞ்சிய கடைசி ஆள். சர்ச்சுக் கணப்பு அடுப்பை எந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைப்பது என்பதில் தொடங்கி இருவரும் பத்தொன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அடுப்பு கடைசியில் வாங்கப்படவில்லை. ஊரே ஞாயிற்றுக்கிழமைதோறும் குளிரில் நடுங்கியது.

ஜேபஸ் புல்லனின் பதினாலு ஏக்கர் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில், ஓடையின் இரு கரையிலும் கிடந்தது. ஏழு ஏக்கர் கோர்ட் பதிவேட்டில், ஏழு ஏக்கர் ஆபி பதிவேட்டில். நிலம் புல்லனுடையது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். குத்தகைப் பணம் கிடையாது. ஆனால் குடித்தனக்காரன் செத்தால், அவனிடம் இருக்கும் கால்நடைகளில் ஆகச் சிறந்ததை மாளிகைக்காரர் பிடித்துக்கொண்டு போவார். வக்கீல்கள் அதற்கு ஹெரியட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஊரில் அதை இழவுமாடு என்போம். பிடித்துப் போவது குதிரையாக இருந்தாலும் பேர் மாடுதான்.

பக்கத்து ஊர்களில் இதையெல்லாம் எப்போதோ பேசி முடித்துக் கைவிட்டிருந்தார்கள். மார்ல்கூமில் கைவிடவில்லை. ஒரு வீடு கைவிட்டால் மற்ற வீடு ஜெயித்ததாகிவிடும்.

புல்லனுக்கு இரண்டு எஜமான்கள். ஆகவே இரண்டு இழவுமாடு. அவரிடம் இருந்ததோ வயலெட் என்ற பெண் குதிரை, செர்ரி என்ற பசு, ஒரு பன்றி. யார் முதலில் வந்து கை வைக்கிறாரோ அவருக்குச் சிறந்தது. பிந்தி வருபவருக்கு அடுத்தது. புல்லனின் மனைவி கெசையாவுக்குப் பன்றி.

*

அறுவடைத் திருநாள் முடிந்த வாரம் புல்லனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. எழுபத்து மூன்று வயது. ஆப்பிள் உதிர்கிற பருவம். தோப்புப் புல்லில் சிவப்பும் மஞ்சளுமாகக் குவியல்கள் கிடந்தன. மூன்று நாள் விடாத தூறல். ஓடையிலிருந்து எழுந்த மூடுபனி பத்து மணி வரை கலையவில்லை. கெசையாவும் மகள் திர்சாவும் சாக்கைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, முழங்காலில் ஊர்ந்து ஆப்பிள் பொறுக்கினார்கள். பொறுக்கியதை வயலெட் வண்டியில் இழுத்துவந்தது. பிறகு அதையே செக்கில் பூட்டினார்கள். வட்டக் கல்தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து அது ஆப்பிளை அரைத்தது. அரைத்த சக்கையைக் குதிரைமயிர்த் துணியில் அடுக்கிப் பிழிந்து புளிக்கவிட்டால் சைடர் என்ற ஆப்பிள் மது. அந்தச் சைடர்தான் அந்த வீட்டுக்கு உப்பு, மாவு, செருப்பு, விளக்குக்கு எண்ணெய் எல்லாம்.

வயலெட் இல்லையென்றால் செக்கு சுற்றாது, ஏரும் ஓடாது. விதவை நிலத்தில் இருக்கலாம் என்று வழக்கம் சொல்கிறது. இரண்டு வருஷம் தரிசாகப் போட்டால் மாளிகை திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே வழக்கம் சொல்கிறது.

புல்லன் படுத்த மறுநாளே இரண்டு மாளிகைகளிலிருந்தும் கரிசனம் வரத் தொடங்கியது. காலையில் கோர்ட்டிலிருந்து நோயாளிகளுக்குக் கொடுக்கும் கன்றுக்கால் ஜெல்லி வந்தது. கொண்டுவந்த பெண் அதைக் கெசையாவிடம் கொடுக்காமல், தானே மாடியேறி, புல்லன் மூச்சு விடுகிறாரா என்று நன்றாகப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தாள். மாலையில் ஆபியிலிருந்து கோழிச்சாறு வந்தது. அதுவும் மாடியேறியது. புல்லன் இரண்டையும் தொடவில்லை. பன்றி அந்த வாரம் நன்றாகத் தேறியது.

"இன்னிக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க கோர்ட் வீட்டுக்காரங்க" என்றாள் திர்சா, பாத்திரம் கழுவியபடி. முப்பத்தைந்து வயது அவளுக்கு. நகரத்தில் வேலைக்காரியாக இருந்து, முதுகுவலியோடு திரும்பி வந்தவள். "ரெண்டாவது தடவை கிண்ணத்தை வாங்கிட்டுப் போக வந்தாளாம். கிண்ணத்தை விட்டுட்டே போயிட்டா."

"அவளுக்கு என்ன கிண்ணமா முக்கியம்?" என்றாள் கெசையா.

"அம்மா, பேசாம வயலெட்டை வித்துடலாம். அப்பா கண்ணை மூடுறதுக்குள்ள. உங்க தம்பிகிட்டயே குடுத்துட்டா, அப்புறமா—"

"என் தம்பிகிட்ட போன எது திரும்பி வந்திருக்கு? நம்ம ஏணி போச்சு. என் தையல் பெட்டி போச்சு."

"வேற யாருக்காவது."

"சாகுறதுக்கு முன்னாடி வித்தா திருட்டு விற்பனைன்னு கோர்ட் வீட்டு வக்கீல் ஹாஸ்கின்ஸ் போன வாரமே சொல்லிட்டுப் போயிட்டான். சத்திரத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான் பாவி. நம்ம புகைபோக்கியைப் பாத்த ரூமா கேட்டு வாங்கியிருக்கான்."

மாடியிலிருந்து இருமல் கேட்டது. அதைத் தொடர்ந்து குரல் கேட்டது.

"கீழ என்ன பேச்சு?"

கெசையா தேநீரை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

புல்லன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் மெலிந்து தாடை துருத்திக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் பழைய அதிகாரம்.

"வயலெட்டுக்கு லாடம் பாத்தியா?"

"பாத்தேன்."

"பின்னங்கால் இடது பக்கம் ஆடுது. கொல்லன்கிட்ட கூட்டிட்டுப் போயி மாத்து. பிடரி மயிரைப் பின்னி விடு. வாலையும்."

"எதுக்கு? கண்காட்சிக்கா போகுது?"

"அவங்க வந்து பாக்கும்போது அசிங்கமா நிக்கக் கூடாது."

கெசையா கோப்பையை மரப்பெட்டி மேல் வைத்தாள். அழுத்தித்தான் வைத்தாள்.

"ஜேபஸ், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கொள்ளையடிக்க வர்றவனுக்குக் குதிரையைச் சிங்காரிச்சு வைக்கணுமா?"

"கொள்ளை இல்ல. வழக்கம். என் தாத்தாவோட தாத்தா செத்தப்போ செவலைக் காளை போச்சு. இந்த ஜில்லாவுலயே அப்பிடி ஒரு காளை கிடையாது. அது கோர்ட் பதிவேட்டுல எழுதியிருக்கு. 'புல்லன், செவலைக் காளை, மிகச் சிறந்தது.' நான் படிச்சிருக்கேன். எங்கப்பன் செத்தப்போ ரெண்டு குதிரை. கோர்ட்டுக்கு ஒண்ணு, ஆபிக்கு ஒண்ணு. கொட்டில் கதவுல நின்னு பாத்தேன் நான், பதினோரு வயசு. லட்கிரேவுக்குச் சர்ச்சுல கல்லு இருக்கு. நமக்கு என்ன இருக்கு? நம்ம குடும்பம் என்னன்னு எழுதியிருக்கறது அந்தப் பதிவேட்டுல மட்டும்தான். எனக்குப் பக்கத்துல 'புல்லன், ஒரு பன்னி'ன்னு எழுதணுமா?"

"அதுல என் பேரு எங்க இருக்கு?"

புல்லன் யோசித்தார்.

"பொம்பளைங்க பேரை அதுல எழுத மாட்டாங்க."

"அப்ப எனக்கு அந்தப் பதிவேடு வேணாம். குதிரைதான் வேணும்."

"கெசி, நீ அழுது அமர்க்களம் பண்ணக் கூடாது. ரெண்டு வீட்டுல எந்த வீட்டு ஆளு முதல்ல வந்தாலும் கயித்தைக் கையில குடுத்துட்டு விலகி நிக்கணும். வாக்குக் குடு."

நாற்பத்தொரு வருஷம் அவரோடு வாழ்ந்தவள் கெசையா. அவள் சன்னலைப் பார்த்தாள். தூறல் கண்ணாடியில் வழிந்தது. கீழே முற்றத்தில் வயலெட் நனைந்தபடி செக்குத் தொட்டியை முகர்ந்துகொண்டிருந்தது.

"யாரு முதல்ல வந்தாலும் கயித்தைக் குடுக்குறேன்" என்றாள். "முதல்ல யாருன்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

புல்லனுக்குத் திருப்தி. தேநீரில் பாதியைக் குடித்தார்.

*

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அந்தத் தேநீரைப் போலவே இன்னொன்றைப் பாதி குடித்துவிட்டு, புல்லன் செத்துப்போனார். கஷ்டப்படவில்லை. கெசையா அவர் கண்ணை மூடிவிட்டாள். கைத்துணியால் தாடையைக் கட்டினாள். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றிக் கறுப்புத் தொப்பியைத் தேடினாள்.

திர்சா அழுதுகொண்டே சால்வையை எடுத்தாள். "நான் போயி கேலப் கிட்ட சொல்றேன். மணி அடிக்கணும்."

கேலப் சர்ச்சு மணியடிப்பவன். எங்கள் ஊரில் ஆண் செத்தால் ஒன்பது அடி, பிறகு வயதுக்கு ஒரு அடி வீதம். மணியை எண்ணினாலே யார் போனது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

"உக்காரு" என்றாள் கெசையா. "மணி ஒன்பதரைக்கு அடிச்சாப் போதும். ஒன்பதரை ஆனதும் போயி சொல்லு. அதுக்கு முந்தி வாசல்ல தலைகாட்டாதே. அழுகையா வந்தா தலையணையில அழு."

"அம்மா! அப்பா அங்க கிடக்குறாரு, நீங்க எங்க கிளம்புறீங்க?"

"ஆபிக்கு. சத்திரத்துல இருந்து நம்ம வீட்டுக்கு நாலு நிமிஷ நடை. ஆபியில இருந்து அரை மணி. மணி அடிச்சப்புறம்தான் தெரியும்னா ஹாஸ்கின்ஸ் குதிரையைக் கூட்டிட்டுப் போயிருப்பான், இவங்க வந்து பசுவைக் கூட்டிட்டுப் போவாங்க, நீயும் நானும் பன்னியைப் பூட்டி உழுவோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தாகணும்."

"வந்தா?"

"அறுபது வருஷமா இந்த ஊருல இருக்கேன். ரெண்டு வீட்டுக்கும் வேணுங்கறது குதிரை இல்ல. அடுத்தவங்களுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஓடைப் பலகையைத் தாண்டி, ஆபி தோப்பு வழியாக அவள் நடந்தாள். சேறு கணுக்கால் வரை. அந்த மண்ணுக்குச் செங்கல் நிறம். பாவாடை ஓரமெல்லாம் சிவந்துவிட்டது.

மிஸ் ஏவரில் நாற்பது பேர் உட்காரக்கூடிய கூடத்தில் ஒற்றையாக உட்கார்ந்து ஒற்றை முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூரை ஒழுகுகிற இடங்களில் ஐந்து வாளிகள். மேலங்கியும் கையுறையும் போட்டிருந்தார். பண்ணை மேலாள் டிப்பிட் பக்கத்தில் நின்று கடிதம் வாசித்துக்கொண்டிருந்தான்.

"புல்லன் போயிட்டாரும்மா" என்றாள் கெசையா. "இன்னும் மணி அடிக்கல. உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு."

மிஸ் ஏவரில் கரண்டியைக் கீழே வைத்தார். "நல்ல மனுஷன். தொப்பியை எப்பவும் எனக்கு முழுசா கழட்டுவான். லட்கிரேவுக்குப் பாதிதான் கழட்டுவான்."

சர் லயனலிடமும் இதையே திருப்பிப் போட்டுத்தான் எல்லோரும் சொல்வது வழக்கம். கெசையா தலையாட்டினாள்.

"கோர்ட் வக்கீல் சத்திரத்துலயே இருக்காரும்மா. மணி அடிச்ச உடனே வந்துடுவாரு. டிப்பிட் அய்யா இப்பக் கிளம்பினா சரியா இருக்கும். நீங்களும் வந்தா..." அவள் தயங்கினாள். "வேணாம், மழையா இருக்கு. போன தடவையே உங்க வீட்டுக்கு ரெண்டாவது குதிரைதான் வந்துதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. இந்தத் தடவை பசுதான் கிடைச்சாலும் நீங்க பெருசா நினைக்க மாட்டீங்க."

புல்லனின் அப்பா செத்த 1849இல் மிஸ் ஏவரிலுக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய அப்பாவும் செத்து, பாதுகாவலர்கள் சொத்தைப் பார்த்துக்கொண்ட காலம். அந்த இரண்டாவது குதிரைக்கு ஒரு கண் தெரியாது. அதில்தான் அவருக்குச் சவாரி கற்றுக்கொடுத்தார்கள். இடது பக்கமாகவே திரும்பும்.

"டிப்பிட்" என்றார் மிஸ் ஏவரில். "கழுதை வண்டியைப் பூட்டச் சொல்லு."

*

கேலப் எண்பத்திரண்டு அடி அடிக்கக் கால்மணி நேரம் ஆகும். ஐம்பதாவது அடி விழும்போது ஹாஸ்கின்ஸ் ஒரு பக்கம் வேலியைத் தாண்டினார். டிப்பிட் இன்னொரு பக்கம் ஓடைப் பலகையைத் தாண்டினான். இருவர் கையிலும் கயிறு. வயலெட்டின் கழுத்தில் வலது பக்கமிருந்து ஒரு கயிறும் இடது பக்கமிருந்து ஒரு கயிறும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழுந்தன. குதிரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாணம் போட்டது.

"கோர்ட் பிரபுவின் பேரில் இதைப் பிடிக்கிறேன்" என்றார் ஹாஸ்கின்ஸ், மூச்சு வாங்க.

"ஆபி சீமாட்டி பேர்ல நான் பிடிச்சாச்சு" என்றான் டிப்பிட்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் துக்கம் விசாரிக்க வந்து வேலியோரம் நின்றிருந்தோம். தொப்பியைக் கழற்றியிருந்தோம். இறந்தவருக்காகக் கழற்றியதுதான்.

ஹாஸ்கின்ஸ் நகரத்து ஆள். விவரமானவர். நனைந்த மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டிப்பிட்டிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இங்க பாருங்க டிப்பிட், நாம ரெண்டு பேரும் சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க. எனக்குப் பதினொண்ணரைக்கு ரயில். குதிரையை நான் எடுத்துக்கறேன், பசுவை நீங்க எடுத்துக்குங்க. நல்ல கறவை. என்ன சொல்றீங்க?"

டிப்பிட் செர்ரியைப் பார்த்தான். நல்ல கறவைதான். அவன் வீட்டில் ஆறு குழந்தைகள். மாளிகைப் பசு எங்கே கட்டப்பட்டாலும் பால் கொஞ்சம் மேலாள் வீட்டு வழியாகத்தான் போகும்.

"கேக்க நியாயமாத்தான் இருக்கு" என்றான்.

வாசற்படியில் நின்ற கெசையாவின் முகம் வெளிறியதை நாங்கள் பார்த்தோம். திர்சா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் சேற்றில் நடந்து, செத்தவரைத் தனியே விட்டுவிட்டு, இரண்டு கூலிக்காரர்களின் நடைமுறைப் புத்தியை அவள் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டாள்.

அப்போது கழுதை வண்டி முற்றத்துக்குள் வந்தது. அதன் பின்னாலேயே, மணியைக் கேட்டுக் கிளம்பிய சர் லயனலின் மோட்டார் கார் வந்தது. ஓடி வரவில்லை, இரண்டு தோட்டக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே சர் லயனல் கண்ணாடி மாட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்து, நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இருவரும் இறங்கினார்கள். இருவருக்கும் நடுவில் குதிரை.

"ஹாஸ்கின்ஸ்" என்றார் சர் லயனல். "அந்தக் கழுதை வண்டி யாரோடதுன்னு கேளு. என் மண்ணுல நிக்குது."

"டிப்பிட்" என்றார் மிஸ் ஏவரில். "தன் வீட்டுக் காரைத் தானே ஓட்டத் தெரியாதவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லேன்னு சொல்லு."

டிப்பிட் சொல்ல வாயெடுத்தான். ஹாஸ்கின்ஸ் அவசரமாகக் குறுக்கே வந்தார். "நல்லதா ஒரு ஏற்பாட்டுக்கு வந்துட்டோம் துரை. அம்மாவும் கேக்கட்டும். ரொம்பச் சுலபம். ஆளுக்கு ஒண்ணு."

"ஆளுக்கு ஒண்ணா?" என்றார் சர் லயனல். "அப்ப சரி. கேக்க நல்லாத்தான் இருக்கு."

மிஸ் ஏவரிலும் வண்டிப் பக்கம் திரும்பினார். மழை அவருக்குப் பிடிக்கவில்லை. முட்டை ஆறிப்போயிருக்கும்.

கெசையா படியிலிருந்து இறங்கி வந்தாள். குதிரைக்கு முன்னால் நின்று, இருவருக்கும் சமமாக முழங்காலை மடித்து வணங்கினாள்.

"மகாராசனா இருப்பீங்க. ரெண்டு பேரும் வந்து எங்க வீட்டுக்காரருக்கு மரியாதை பண்ணிட்டீங்க. திர்சா, பசுவைக் கொண்டா. சேறா இருக்கு, கழுவித்தான் குடுக்கணும்." அவள் சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாந்தரத்தை யாருக்குக் கழுவட்டும்?"

சர் லயனல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாருக்கு?" என்றார் சர் லயனல்.

"ரெண்டாந்தரத்தை வாங்கிக்கறவங்களுக்கு, துரை. பதிவேட்டுல எழுதணும்ல. 'இரண்டாவது'ன்னு."

"எனக்கு இல்லை" என்றார் மிஸ் ஏவரில். டிப்பிட்டிடம் சொல்லவில்லை. நேராகச் சொன்னார். "அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால ஒருதரம் வாங்கியாச்சு. ஒற்றைக் கண்ணு."

"மேடம்" என்றார் சர் லயனல். பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை. "இந்தக் குதிரை என் மண்ணுல இருக்கிற கொட்டில்ல படுக்குது."

"என் மண்ணுல இருக்கிற புல்லைத் தின்னுது. உங்க கொட்டில்ல இருக்கிறது வெறும் எலும்பு. அது மேல இருக்கிற சதை பூராவும் ஏவரில் புல்லு."

"அப்ப பசுவை எடுத்துக்கிட்டுப் போங்க. அதுவும் உங்க புல்லுதானே?"

"நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. ராஜாவை விட்டுட்டு ஓடின குடும்பத்துக்கு ரெண்டாந்தரம் பழக்கம்தானே."

"நாங்களா ஓடினோம்?"

"துரை, ரயில்..." என்றார் ஹாஸ்கின்ஸ்.

"அம்மா, பசு நல்ல கறவை..." என்றான் டிப்பிட்.

"வாயை மூடு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்து இரண்டு வீடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஒருமுறைதான்.

ஹாஸ்கின்ஸ் பதினொன்றரை ரயிலை விட்டுவிட்டார். புல்லன் வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்து, ஈரக் கோட்டு ஆவி பறக்க ஒரு தாள் எழுதினார். கெசையா அவருக்கும் டிப்பிட்டுக்கும் ரொட்டியும் போன வருஷத்துப் பன்றித் தொடையும் ஒரு குவளை சைடரும் வைத்தாள். தாளில் எழுதியது இதுதான்: நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை குதிரையும் பசுவும் விதவையின் பொறுப்பில் இருக்கும், அவற்றின் தரம் குறையாதிருக்க வழக்கம்போல் வேலை வாங்கலாம், தீனிக்கு ஓட்ஸை இரு மாளிகைகளும் சமமாக அனுப்பும், ஒரு கட்சியின் ஆள் உடன் வராமல் மறு கட்சி குதிரையின் அருகில் போகக் கூடாது.

"தீர்ப்பு எப்ப வருங்க?" என்று கேட்டாள் கெசையா.

ஹாஸ்கின்ஸ் பேனாவைத் துடைத்தார். "எங்கப்பா காலத்துல தொடங்கின ஒரு வேலி வழக்கு இருக்கும்மா. ரெண்டு வீட்டுக்கும்தான். நல்லா போயிட்டிருக்கு."

"அப்ப இன்னொண்ணு கேக்கணும். சனிக்கிழமை அடக்கம். சர்ச்சு மேட்டுல, சேறு. தூக்கிட்டுப் போக முடியாது. வண்டியிலதான் கொண்டுபோகணும். வயலெட்டைப் பூட்டலாமா?"

ஹாஸ்கின்ஸ் யோசித்து ஒரு வரி சேர்த்தார். குதிரை சர்ச்சுக்குப் போய்வரலாம். இரு கட்சியும் உடனிருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் கெசையா மாடியேறினாள். புல்லனுக்குப் போர்வையைச் சரிசெய்தாள். நாள் முழுக்க அவள் அழவில்லை. அப்போதுதான் அழுதாள். கீழே திர்சா தொட்டியில் ஆப்பிள் கொட்டும் சத்தம் கேட்டது. குவியல் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் அழுகிவிடும்.

*

சனிக்கிழமை மழை வலுத்தது. மர வேர்போல் சேறு பிளந்து கிடந்த மேட்டுப்பாதையில் வண்டி ஏறியது. கெசையா குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். பக்கத்தில் திர்சா. வண்டியில் எல்ம் மரப்பெட்டி, அதன் மேல் தோட்டத்து டேலியாப் பூ. பின்னால் இருபதடியில் ஊர்.

பெட்டிக்கும் ஊருக்கும் நடுவில் சர் லயனல் லட்கிரேவும் மிஸ் ஹானரியா ஏவரிலும் நடந்தார்கள். ஆளை அனுப்பினால் எதிர்க்கட்சி ஆளை விலைக்கு வாங்கிவிடும் என்று இருவருக்கும் நம்பிக்கை. தன் தன் வண்டியில் வந்தால் குதிரையின் பின்னங்கால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நடை. சாவு ஊர்வலமாதலால் சர் லயனல் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். வழுக்கையில் மழை விழுந்து காதோரம் வழிந்தது. மேடு செங்குத்தாகிற இடத்தில் மிஸ் ஏவரிலுக்கு மூச்சு வாங்கியது. அவர் வண்டியின் பின்பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த சர் லயனல் உடனே மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு மாளிகையும் சேர்ந்து ஜேபஸ் புல்லனைத் தள்ளிக்கொண்டு போவது போலத் தெரிந்தது.

எங்கள் ஊரில் எந்தக் குடித்தனக்காரன் பெட்டிக்குப் பின்னாலும் எந்த மாளிகையும் அதுவரை நடந்து வந்ததில்லை.

திர்சா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கையைத் தொட்டாள்.

"அம்மா" என்றாள் மெதுவாக. "அப்பா இதைப் பாத்திருக்கணும்."

கெசையா கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பாத்திருந்தா இங்கயே எறங்கி, குதிரையை அவுத்து அவங்க கையில குடுத்திருப்பாரு. பேசாம நட."